உயர்த்திப் பிடித்த கை

மகள் நிவேதாவைக் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து தவசிக்கு ஒரே நினைப்புதான், இனிமேல் இந்த வீட்டில் நான் ஒருத்தன்தான், கஞ்சி காய்ச்சுவதும் நான்தான், அதைப் பெண்டாட்டி ஜெயக்கொடியின் மூக்குக் குழாயில் ஊற்றுவதும் நான்தான், நிவேதா லீவு போட்டு இருந்த நாளெல்லாம் அவள் பார்த்துக்கொண்டாள், அவன் பக்கத்தில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றான், சாமி வாகனத்துக்குப் பக்கத்தில் குடை பிடிக்கிறவன் மாதிரி, அவ்வளவுதான் அவன் செய்தது, இப்போது அவள் போய்விட்டாள், லீவு முடிந்துவிட்டது, போகும்போது, "அப்பா, பயப்படாதீங்க, நீங்க சிறுமலைக்கே வண்டி ஓட்டுறவரு, இதுல என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். சிறுமலைக்கு மலைப்பாதையில் பஸ் ஓட்டுவது வேறு. அங்கே ஒவ்வொரு வளைவும் எங்கே இருக்கிறது என்று கைக்கே தெரியும். கேழ்வரகும் பாசிப்பருப்பும் கேரட்டும் வெந்து குழைந்த கஞ்சியை டீ வடிகட்டியில் ஒருமுறை வடித்தான், மனசு கேட்காமல் இன்னொரு முறை வடித்தான், ஒரு பருப்புத் தோல் போதும் குழாயை அடைக்க என்று ஆஸ்பத்திரி சிஸ்டர் சொன்னது காதிலேயே நிற்கிறது, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தான், நிவேதா கைக்குழந்தையாக இருந்தபோது ஜெயக்கொடி பால் பாட்டிலை இப்படித்தான் கவிழ்த்துப் பார்ப்பாள், சூடு இல்லை, ஆறிப்போகவும் இல்லை, சரிதான், போகலாம்.

கட்டிலில் மூன்று தலையணையில் சாய்ந்து ஜெயக்கொடி நேராக உட்கார்ந்திருந்தாள். மூக்கிலிருந்து வந்த குழாய் கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தது, அதன் நுனி நைட்டியின் தோள்பட்டையில் ஊக்கு குத்தி நின்றது, இடது முன்கையில் கட்டு. அங்கிருந்துதான் தோலும் சதையும் எடுத்து நாக்கில் வைத்துத் தைத்திருக்கிறார்கள், பாதி நாக்கு அவளுடையது, பாதி நாக்கு அவள் கையுடையது. இதை டாக்டர் படம் போட்டு விளக்கியபோது தவசி படத்திலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டான், ஜெயக்கொடிதான், "கை நீளம் நீளம்னு ஊர்ல சொல்லுவாங்க டாக்டர், இனி நாக்கும் நீளமா இருக்கும்" என்று சொன்னாள். அது ஆபரேஷனுக்கு முந்தி. அப்போது பேசினாள். ரேஷன் கடையில் பில் போடுகிறவள், "அடுத்த கார்டு!" என்று அவள் ஒரு சத்தம் கொடுத்தால் தெருமுனையில் டீக் குடித்துக்கொண்டிருப்பவன் கிளாஸை வைத்துவிட்டு வருவான். ஆபரேஷன் முடிந்து மூச்சு விடுவதற்காகத் தொண்டையில் போட்டிருந்த துளையைப் போன வாரம் மூடிவிட்டார்கள், மேலே ஒரு சின்னக் கட்டு, அதை விரலால் அழுத்திக்கொண்டு பேசிப் பாருங்கள் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னாள், ஜெயக்கொடி அழுத்திக்கொண்டு என்னமோ சொன்னாள், யாரோ கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிட்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது, துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டவள்தான், அதற்குப் பிறகு ஒரு சத்தம் இல்லை. எல்லாம் போனில் தட்டிக் காட்டுவதுதான். ஃபேனைக் குறைங்க. ஜன்னலைச் சாத்துங்க. அழாதீங்க. அதையும் தட்டித்தான் காட்டினாள்.

"ஆரம்பிக்கட்டா கொடி?" என்றான். அவள் தலையை ஆட்டினாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவியாகிவிட்டது, முழங்கைவரை, இரண்டு தடவை. குழாயில் மூக்கு ஓரம் போட்டிருந்த கறுப்புக் கோடு அதே இடத்தில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான், இருக்கிறது, கோடு கீழே இறங்கியிருந்தாலோ மேலே ஏறியிருந்தாலோ ஊற்றக்கூடாது, போன் போட வேண்டும், நம்பர் ஃபிரிஜ்ஜில் ஒட்டியிருக்கிறது. பெருவிரலைவிடத் தடிமனான அந்தப் பெரிய சிரிஞ்சை மாட்டி மெதுவாக இழுத்துப் பார்த்தான், மஞ்சளும் தண்ணியுமாகக் கொஞ்சம் ஏறி வந்தது, வயிற்றில்தான் இருக்கிறது, நுரையீரலில் இல்லை, அதைத் திரும்ப உள்ளேயே விட்டான். நுரையீரல். குழாய் அங்கே போயிருந்தால் கஞ்சி மூச்சை அடைத்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மதுரை ஆஸ்பத்திரியின் மாடியில் செவ்வாய்க்கிழமைதோறும், நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு என்று ஒரு வகுப்பு நடக்கும், சுவரில் வாய்ப்படமும் தொண்டைப்படமும் தொங்கும், மேஜையில் இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லாத ஒரு ரப்பர் மனுசன், அவன் மூக்கில் ஒரு குழாய், எமரென்சி என்று பேர் கொண்ட சிஸ்டர் ஒவ்வொருத்தரையும் எழுப்பி அவனுக்கு ஊற்றச் சொல்லுவார். தவசி ஊற்றியபோது சிரிஞ்சு சாய்ந்து ரப்பர் மனுசனின் நெஞ்செல்லாம் தண்ணி. "பரவாயில்லண்ணே, இவனுக்கு ஜலதோசம் பிடிக்காது, திருப்பி ஊத்துங்க" என்றார் சிஸ்டர். அங்கேதான், ஆபரேஷனுக்கு முந்தி ஒரு செவ்வாய்க்கிழமை, எல்லோரும் இருக்கிற அந்த இடத்தில்தான், அவன் அதைக் கேட்டான். கேட்க வேண்டும் என்று எழுந்திருக்கவில்லை, வாய் தானாகக் கேட்டது.

"சிஸ்டர், தப்பா நெனைக்காதீங்க. இது ஒட்டுமா?"

பக்கத்தில் ஜெயக்கொடி உட்கார்ந்திருக்கிறாள். அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. சிஸ்டர் கையிலிருந்த சிரிஞ்சைக் கீழே வைத்தார். "நல்ல கேள்வி. இங்க இருக்கிற எல்லார் மனசுலயும் இது இருக்கு, அண்ணன் ஒருத்தர்தான் வாயத் தொறந்து கேட்டாரு. ஒட்டாது. ஒரே தட்டுல சாப்பிடலாம், பக்கத்துல படுத்துத் தூங்கலாம், முத்தம் குடுக்கலாம், ஒண்ணும் ஆகாது." எல்லோரும் சிரித்தார்கள், சிரிக்கக் கிடைத்ததே என்று சிரித்தார்கள், ஜெயக்கொடிதான் அந்தச் சிரிப்புக்கு நடுவில் சொன்னாள், "அந்தக் கடைசி ஐட்டம் எங்க வீட்டுல ரொம்ப நாளா ஸ்டாக் இல்ல சிஸ்டர்." அந்தக் குரலைத்தான் அவன் இப்போது தேடுகிறான். இழுத்து, ஸ்டாக்கில் ஒரு அழுத்தம் கொடுத்து, இல்ல என்பதில் மூக்கைச் சுளித்து.

முதலில் தண்ணி. குழாயை இரண்டு விரலால் மடக்கிப் பிடித்துக்கொண்டு மூடியைத் திறக்க வேண்டும், மடக்காவிட்டால் வயிற்றுக்குள் காற்று போய்விடும், உள்தண்டை எடுத்த சிரிஞ்சை மாட்டினான், கொஞ்சம் தண்ணி விட்டான், விரலைத் தளர்த்தினான், தண்ணி சத்தமில்லாமல் இறங்கியது. பிறகு கஞ்சி. சிரிஞ்சைப் பிடித்த கையை அவள் தலைக்கு மேலே உயர்த்தினான். கஞ்சி ஒரு நூல் மாதிரி குழாயில் இறங்கிப் பிளாஸ்திரிக்கு அடியில் போய் மறைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான், இறங்கு, இறங்கு, அவசரம் இல்லை, இறங்கு. அவள் கண்ணை மூடியிருந்தாள். உணவு உள்ளே போவது அவளுக்குத் தெரியுமா, வயிற்றில் வெதுவெதுப்பாக ஏதாவது தெரியுமா, சோறு வாயைத் தொடாமல் நேராக வயிற்றுக்குப் போனால் அது சாப்பாடா, எரிபொருளா, டெப்போவில் வண்டிக்கு டீசல் பிடிக்கிற நினைப்பு வந்தது, சீ என்று தலையை உதறினான். வாயெல்லாம் நன்றாகத்தானே இருந்தது. நாக்கின் ஓரத்தில் ஒரு சின்னப் புண், அவ்வளவுதான், பக்கத்தில் உடைந்துபோய்க் கூராக நின்ற ஒரு கடைவாய்ப்பல், அது உரசுகிறது என்று அவளே சொன்னாள், தேன் தடவினாள், மாசிக்காய் உரசிப் போட்டாள், மருந்துக் கடையில் ஒரு களிம்பு, சத்து மாத்திரை, உடம்புச் சூடு என்றார்கள், இளநீர் குடித்தாள், ரசம் சாப்பிட்டால் கண்ணில் தண்ணி வரும், ரசத்தை விட்டாள், ஊறுகாயை விட்டாள், ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தாள், புண் மட்டும் அவளை விடவில்லை. ரெண்டு மூணு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணை டாக்டரிடம் காட்ட வேண்டும், வலித்தாலும் வலிக்காவிட்டாலும். இவ்வளவுதான் விஷயம். இந்த ஒரு வரி அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. இருபத்தைந்து வருஷமாக பஸ் முதுகிலும் சுவரிலும் சினிமா கொட்டகையிலும் அந்த வரி இருந்திருக்கும், அதெல்லாம் புகையிலை போடுகிறவனுக்கு, நமக்கு இல்லை, ஜெயக்கொடி வெற்றிலைகூடப் போடமாட்டாள். ஊரில் இப்போதும் கேட்கிறார்கள், போடுவாளா, ஒளிச்சு வச்சுப் போட்டாளா, என்ன பாவம் செஞ்சாளோ. டாக்டர் தெளிவாகச் சொன்னார், இந்தப் புற்றுநோய் எதனால வந்ததுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, அந்தப் பல்லா இருக்கலாம், வேற எதுவாகவும் இருக்கலாம், யார் தப்பும் இல்ல, யாரும் யாரையும் குத்தம் சொல்லிக்காதீங்க. அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதான். பாவத்தை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. ஆனால் அது கொஞ்ச நேரத்துக்குத்தான், மறுபடியும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது, ரசத்தை அவள் விட்ட அன்றே, ஊறுகாயை விட்ட அன்றே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

கை கடுத்தது. மாற்றிப் பிடித்தால் சிந்திவிடும். இன்னும் பாதி டம்ளர் இருக்கிறது. அந்த ஒரு வரி தெரிந்த பிறகு தன் பஸ் கண்டக்டர் செல்லப்பாண்டியை அவன் விடவில்லை, அதுவரை யாரிடமும் வாயே திறக்காத தவசி டெப்போவில் எல்லார் முன்னாலும் அவனைப் பிடித்து நிறுத்தி, வாயத் தொறடா என்றான். கன்னத்தில் எந்நேரமும் ஒரு பொட்டலம் பாக்கை அடக்கி வைத்திருக்கிறவன். "எனக்கு ஒண்ணும் இல்லண்ணே, காரம் பட்டா எரியும், அவ்வளவுதான்." "அவளுக்கும் அவ்வளவுதான்டா இருந்துச்சு." பெரியாஸ்பத்திரியில் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான், உள்கன்னத்தில் வெள்ளையாக ஒரு படை, இன்னும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் இன்றோடு நிறுத்த வேண்டும், மாதாமாதம் வந்து காட்ட வேண்டும் என்றார். செல்லப்பாண்டி இப்போது கிராம்பைக் கடித்துக்கொண்டு டிக்கெட் கிழிக்கிறான், எரிந்து எரிந்து விழுகிறான், பயணிகள் அவனைக் கண்டாலே பயப்படுகிறார்கள். விழட்டும்.

கஞ்சி நின்றுவிட்டது.

சிரிஞ்சுக்குள் அப்படியே நிற்கிறது. இறங்கவில்லை. இப்போதுதானே இறங்கிக்கொண்டிருந்தது, பருப்புத் தோலா, இரண்டு முறை வடித்தேனே, மூன்று முறை வடித்திருக்க வேண்டும், அடைத்துக்கொண்டால் குழாயைப் பிடுங்கி வேறு போட வேண்டும், மதுரைக்குப் போக வேண்டும், தையல் போட்ட தொண்டை வழியாக மறுபடியும் குழாய், முதல் தடவை போட்டபோது அவள் கட்டில் கம்பியைப் பிடித்த பிடி, நிவேதா இல்லை, யாருமில்லை. உள்தண்டை மாட்டி ஒரு அழுத்து அழுத்தினால் போய்விடும். கை தண்டுக்குப் போனது. தள்ளாதீங்க. எமரென்சி சிஸ்டர் அவன் கையைப் பிடித்த இடம் இப்போதும் தெரிகிறது. தள்ளாதீங்கண்ணே, எப்பவுமே தள்ளாதீங்க, ஒசத்துங்க, ஒசத்திட்டு மொதல்ல குழாய் எங்கயாவது மடங்கி இருக்கான்னு பாருங்க, பத்துல ஒம்பது தடவை அதுதான். பார்த்தான். மூக்கிலிருந்து கன்னம், கன்னத்திலிருந்து காது, காதிலிருந்து தோள். ஜெயக்கொடி கண்ணைத் திறக்காமலே கழுத்தைச் சாய்த்திருந்தாள், குழாய் தோளுக்கும் தலையணைக்கும் நடுவில் மாட்டியிருந்தது. "கொடி, கொஞ்சம் தலையத் தூக்கு" என்றான், அவள் தூக்கினாள், கஞ்சி குபுக்கென்று ஒரு குமிழ் விட்டு இறங்கத் தொடங்கியது. அவன் மூச்சு விட்டான். அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள், என்ன ஆச்சு என்று புருவத்தைத் தூக்கினாள். "ஒண்ணுமில்ல. வளைவு" என்றான்.

அக்கா முத்துப்பேச்சி நேற்று வந்து போனாள். தம்பி பெண்டாட்டியைப் பார்க்க ஆரஞ்சு வாங்கி வந்தாள், ஆரஞ்சைச் சாப்பிட முடியாது என்று தெரிந்ததும் மடியிலேயே வைத்துக்கொண்டு அழுதாள், பாசம் இல்லாதவள் இல்லை. போகும்போது பைக்குள்ளிருந்து ஒரு தட்டையும் டம்ளரையும் எடுத்து அடுப்படியில் வைத்தாள். "அவளுக்குன்னு தனியா வச்சுக்கப்பா. நாளைக்கு நிவேதாவுக்கு மாப்பிள்ளை பாக்கணும், வெளிய யாருக்கும் இந்த நோவு பேரச் சொல்லிராத, அல்சர்னு சொல்லு." ஒட்டாதுக்கா என்று அவன் சொல்லியிருக்க வேண்டும், வகுப்பில் கேட்டுத் தெரிந்துகொண்டது முழுக்கச் சொல்லியிருக்க வேண்டும். ஜெயக்கொடிதான் போனை எடுத்துத் தட்டி அக்காவிடமே நீட்டினாள். அண்ணி, அந்தத் தட்டுல உங்களுக்கே ரெண்டு இட்லி வைக்கச் சொல்றேன், சாப்பிட்டுப் போங்க. அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. பிறகு என்ன நினைத்தாளோ, உட்கார்ந்து சாப்பிட்டாள், சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி மற்றத் தட்டுகளோடு கவிழ்த்து வைத்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நெசமாவே ஒட்டாதாடா?" என்றாள். "ஒட்டாதுக்கா." "அப்ப மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே, கிறுக்குப் பயலே" என்று அவன் தோளில் ஒரு அடி போட்டுவிட்டுப் போனாள்.

கடைசிச் சிரிஞ்சு. வெட்டியெடுத்த சதையின் ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று ரிசல்ட் வந்திருக்கிறது, கழுத்து நெறிக்கட்டிகளில் ஒன்றில் மட்டும் நோய் இருந்ததாம், அதனால் அடுத்த மாதம் கரண்டு வைக்க வேண்டும், கதிர் சிகிச்சை, கரண்டு வைத்தால் வாய் வறளும், புண்ணாகும், பிறகு ஆறும் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், தெரிந்துகொண்டால் பயம் குறையும் என்றார்கள், குறைகிறதா, சில நேரம் குறைகிறது, சில நேரம் அந்த ஒன்றில் மட்டும் என்ற இடத்தில் போய் மாட்டிக்கொள்கிறது, ஒன்றில் மட்டும், ஒன்றில் மட்டும், வேறு எங்கேயாவது ஒன்று ஒளிந்துகொண்டு, அவள் இல்லாத இந்தக் கட்டில், இந்தத் தலையணை, அவன் அந்த எண்ணத்தை முடிக்கவில்லை, ஜெயக்கொடி இருமினாள்.

ஒரு இருமல். இன்னொன்று. முகம் சிவந்து, கண்ணில் தண்ணி முட்டி, உடம்பே குலுங்கியது. குழாயை மடக்கிவிட்டான், கை தானாக மடக்கியது, சிரிஞ்சைக் கீழே இறக்கினான், நிறுத்து, நிமிர்த்தி உட்காரவை, உதடு நீலமாகிறதா பார், மூச்சு வாங்குகிறதா பார், இல்லை, நீலம் இல்லை, ஆனால் இருமல் நிற்கவில்லை, நுரையீரலுக்குப் போய்விட்டது, நான்தான் ஊற்றினேன், என் கையால், ஃபிரிஜ்ஜில் நம்பர், ஃபிரிஜ் அடுப்படியில், குழாயை விட்டுவிட்டுப் போக முடியாது, "கொடி, கொடி, என்னப் பாரு, மூச்ச இழு" என்று அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தவன் திடீரென்று தானும் இருமினான். தொண்டையைப் பிடுங்குகிற இருமல். மூக்கில் ஏறுகிறது. கண் எரிகிறது. பக்கத்து வீட்டில் யாரோ வறமிளகாய் வறுக்கிறார்கள். ஜன்னல் வழியாக நெடி குப்பென்று வந்துகொண்டிருக்கிறது. இருமிக்கொண்டே ஜன்னலை இழுத்துச் சாத்தினான், இருமிக்கொண்டே அவள் பக்கம் திரும்பினான், இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து இருமினார்கள். அவள் தோள் குலுங்குவது இருமல் இல்லை என்று அவனுக்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. சிரிக்கிறாள். தையல் இழுக்கும் என்று கன்னத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல், அந்த மிளகாய் நெடியில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நெடி அடங்கும்வரை இருந்து, மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்து, மிச்சம் இருந்ததை மெதுவாக விட்டான். கடைசியாகத் தண்ணி, குழாய் கண்ணாடி மாதிரி ஆகும்வரை. மடக்கி, மூடி, ஊக்கில் மாட்டினான். முடிந்துவிட்டது. கையை இறக்கியபோதுதான் தோளிலிருந்து விரல்வரை மரத்திருப்பது தெரிந்தது. "உடனே படுக்கக்கூடாது, கொஞ்ச நேரம் இப்படியே உக்காந்திரு" என்று அவளுக்கே தெரிந்ததை அவளிடம் சொன்னான். டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பினான். பின்னால் ஒரு சத்தம்.

திரும்பிப் பார்த்தான். ஜெயக்கொடி தொண்டைக் கட்டின் மேல் விரலை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"உப்பு" என்றாள்.

கரகரத்த, தணிந்த, அவளுடையது இல்லாத ஒரு குரல். ஆனால் சொல் தெளிவாக இருந்தது. உதட்டாலேயே சொல்லிவிடக்கூடிய சொற்கள் முதலில் வரும் என்று அந்தப் பயிற்சிப் பெண் சொல்லியிருந்தாள், அம்மா, அப்பா என்று சொல்லிப் பாருங்கள் என்றிருந்தாள். இவள் இதை எடுத்திருக்கிறாள்.

"என்னது?"

"உப்பு."

டம்ளரின் அடியில் கொஞ்சம் கஞ்சி ஒட்டியிருந்தது. அண்ணாந்து வாயில் விட்டுக்கொண்டான். சப்பென்று இருந்தது. ஒரு கல் உப்பு இல்லை. ஆஸ்பத்திரியில் சத்துணவு நிபுணர் அம்மா உப்பு போடச் சொல்லித்தான் இருந்தார்கள்.

"போடல. மறந்துட்டேன் கொடி. உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? மூக்கு வழியால்ல போச்சு?"

வேறு கடைக் கார்டைக் கொண்டுவந்து நீட்டுகிறவனைப் பார்ப்பது மாதிரி அவனைப் பார்த்தாள். இத்தனை வருஷம் உங்களோட குடும்பம் நடத்துறேன், இது தெரியாதா என்கிற பார்வை. பிறகு விரலை மறுபடி அழுத்திக்கொண்டு நீளமாக ஒன்றைச் சொன்னாள். ஒரு எழுத்துகூட பிடிபடவில்லை, எல்லாம் ஒன்றோடொன்று குழைந்து வந்தது, வாயோரம் எச்சில் வழிந்தது. அவன் துண்டால் துடைத்தான். "என்ன சொன்ன?" மறுபடியும் சொன்னாள். மறுபடியும் புரியவில்லை. அவள் கண் கலங்குவதைப் பார்த்தான், அன்றைக்கு மாதிரி வாயை மூடிக்கொள்வாளோ என்று பயந்து, தலையணை ஓரம் கிடந்த போனை எடுத்து அவள் கையில் கொடுத்தான். "இதுல போடு தாயி, கஷ்டப்படாத." அவள் போனை வாங்கினாள். திரையைக்கூடப் பார்க்கவில்லை. எட்டிப் போர்வைக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டாள்.

தவசி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு, முழங்கால் கட்டிலில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தான். காதை அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான். மருந்து வாசனையும் மிளகாய் நெடியும் அவளுடைய வெதுவெதுப்பான மூச்சும் வந்தது.

"இன்னொருக்காச் சொல்லு" என்றான். "எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."

அவள் சொன்னாள்.